கல்யாண லைசென்ஸ் ஆவணம் தேட எந்தத் தளம்? மூன்றையும் உரசிப் பார்த்தால்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் பழைய கல்யாண லைசென்ஸ் ஆவணங்களைத் தேடுகிறவர் காசு எடுக்கும் முன் ஃபேமிலிசர்ச் என்ற இலவசக் குடும்ப வரலாற்றுத் தளத்தில் உட்கார வேண்டும். தேடும் ஆள் லண்டன், சர்ரே பக்கத்தவர் என்றால் ஆன்செஸ்ட்ரி என்ற கட்டணத் தளத்துக்கு ஒரு மாதச் சந்தா. ஸ்டாஃபர்ட்ஷயர், டார்பிஷயர், வில்ட்ஷயர், பெர்க்ஷயர் என்றால் ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற இன்னொரு கட்டணத் தளத்துக்கு ஒரு மாதம். இரண்டுக்கும் சேர்த்து வருடச் சந்தா கட்டுவது இந்த ஒரு வேலைக்குத் தண்டம்.

எந்தத் தளத்துக்குப் போனாலும் லைசென்ஸ் கிடைக்காது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. லைசென்ஸ் காகிதம் மாப்பிள்ளை கைக்குப் போய், அவர் அதைக் கோயிலில் பாதிரியாரிடம் கொடுத்து, அங்கேயே தொலைந்துபோனது. தப்பிப் பிழைத்தவை ஒரு சில. பிஷப் அலுவலகத்தில் தங்கியது லைசென்ஸ் வாங்குவதற்காகக் கொடுத்த காகிதங்கள்தான். தளங்களில் ‘மேரேஜ் லைசென்ஸ்’ என்ற பெயரில் இருப்பதெல்லாம் அவையே. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. லைசென்ஸை விட அந்தக் காகிதங்களில்தான் விஷயம் அதிகம்.

நம்மூர் கிறிஸ்தவக் கல்யாணங்களில் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கும் வழக்கம் இருக்கிறதே, இங்கிலாந்துத் திருச்சபையிலும் அதுதான் பொது வழி. அங்கே அதற்குப் பெயர் பான்ஸ். ஓலை வாசிக்காமல் கல்யாணம் முடிக்க வேண்டுமானால் பிஷப்பிடமோ அவருக்காகக் கையெழுத்திடும் அதிகாரம் பெற்ற பாதிரியாரிடமோ பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். வசதியானவர்கள் கௌரவத்துக்காக வாங்கினார்கள். விடுப்பு முடிந்து கப்பலேற வேண்டிய மாலுமி அவசரத்துக்காக வாங்கினார். பெண் ஏற்கெனவே கர்ப்பம், ஊர் வாய்க்குப் பயம் என்றாலும் இதே வழிதான். ஆகவே பணக்காரக் குடும்பமாக இருந்தால்தான் லைசென்ஸ் இருக்கும் என்று நினைத்துத் தேடாமல் விடக்கூடாது. சாதாரண விவசாயி, தச்சர், கடைக்காரர் பெயர்கள் இந்தக் கட்டுகளில் நிறைய வரும்.

லைசென்ஸ் கேட்பவர், பெரும்பாலும் மாப்பிள்ளை, கொடுத்த காகிதம் இரண்டு. ஒன்று அலிகேஷன்: ‘இந்தக் கல்யாணத்துக்குத் தடை எதுவும் இல்லை’ என்று ஆணையிட்டுக் கொடுக்கும் வாக்குமூலம். மற்றது பாண்டு: வாக்குமூலம் பொய்யானால் இவ்வளவு பவுண்டு கட்டுவோம் என்று இருவர் கையெழுத்திடும் ஜாமீன் பத்திரம். தொகை பெரும்பாலும் 100 அல்லது 200 பவுண்டு என்று இருக்கும். அந்தப் பணத்தை யாரும் எடுத்து வைக்கவில்லை. அது மிரட்டலுக்குப் போட்ட எண். ‘கொள்ளுத்தாத்தா கல்யாணத்துக்கு 200 பவுண்டு செலவழித்தார்’ என்று குடும்ப மரத்தில் எழுதி வைத்திருப்பவர்கள் உண்டு. அதை நம்பி அவரைப் பணக்காரராக்கிவிடக் கூடாது. 1823-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் பாண்டை ஒழித்துவிட்டது. அதற்குப் பிந்தைய கட்டுகளில் பாண்டு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அலிகேஷன் மட்டுமே இருக்கும். 1733-க்கு முந்தைய பாண்டுகளில் மேல்பாதி லத்தீனில் வரும். பயப்படத் தேவையில்லை, அது எல்லாப் பாண்டிலும் ஒரே வாசகம். பெயர், ஊர், தொகை மூன்றை மட்டும் பொறுக்கினால் போதும்.

பதினெட்டாம் நூற்றாண்டு அலிகேஷன் ஒன்றைத் திரையில் திறந்தால் பெரும்பாலும் அச்சடித்த படிவம், நடுநடுவே கையெழுத்து. வரிசையாகப் படித்தால் இப்படிப் போகும்: இன்ன தேதியில் இன்னார் நேரில் வந்து ஆணையிட்டுச் சொன்னார், தான் இன்ன பங்கை (ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதியை) சேர்ந்தவர், கல்யாணமாகாதவர், வயது இருபத்தொன்றுக்கு மேல், இன்ன பங்கைச் சேர்ந்த இன்னாரை மணக்க விரும்புகிறார், ஏற்கெனவே பேசிய நிச்சயமோ, ரத்த உறவோ, சம்பந்த உறவோ தடையாக இல்லை, கடந்த நான்கு வாரமாக இன்ன பங்கில் வசிக்கிறார், இன்ன கோயிலில் கல்யாணம் முடிக்க லைசென்ஸ் வேண்டும். கீழே மாப்பிள்ளை கையெழுத்து, அதற்குக் கீழே ஆணை வாங்கியவர் கையெழுத்து.

இந்தப் பத்து வரிக்குள்ளேயே கண்ணி நிறைய. ‘இருபத்தொன்றும் அதற்கு மேலும்’ என்பது வயது அல்ல. பெற்றோர் சம்மதம் தேவைப்படாதவர் என்பதற்கான வாசகம், அவ்வளவுதான். ஐம்பது வயது ஆளுக்கும் அதையேதான் எழுதினார்கள். அதை வைத்துப் பிறந்த வருடத்தைக் கழித்துப் பார்ப்பது புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு. தளங்களுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரித்தவர்கள் அதை ‘21’ என்றே ஏற்றியிருப்பதும் உண்டு. தளம் அதிலிருந்து பிறந்த வருடத்தைத் தானே கணக்கிட்டுக் காட்டும். அந்த எண்ணை நம்பி ஞானஸ்நானப் பதிவு தேடினால் கிடைக்கவே கிடைக்காது. ‘வயது இருபத்துமூன்று’ என்று தனியாக எழுதியிருந்தால் ஓரளவு நம்பலாம்.

நான்கு வாரம் வசித்தார் என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 1753-ஆம் ஆண்டு ஹார்ட்விக் திருமணச் சட்டம் 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்து, லைசென்ஸ் கல்யாணத்துக்கு இருவரில் ஒருவராவது அந்தப் பங்கில் நான்கு வாரம் இருந்திருக்க வேண்டும் என்றது. 1823 சட்டம் அதைப் பதினைந்து நாளாகக் குறைத்தது. கல்யாணம் நடக்க வேண்டிய கோயிலைத் தீர்மானித்துவிட்டு, அந்தப் பங்கில் ஒரு அறை எடுத்துப் போட்டவர்கள் உண்டு. ஆகவே படிவத்தில் உள்ள பங்கு தற்காலிக முகவரியாகவும் இருக்கலாம். சொந்த ஊர் என்று முடிவு கட்டி அங்கே தாத்தாவைத் தேடுவதற்கு முன் இன்னொரு சான்று வேண்டும்.

உண்மையான தங்கம் எங்கே என்றால், இருபத்தொன்று ஆகாதவர்களின் அலிகேஷனில். 1754-க்குப் பிறகு அப்படிப்பட்டவர் லைசென்ஸில் மணக்கத் தகப்பன் சம்மதம் கட்டாயம். தகப்பன் இல்லையென்றால் காப்பாளர் அல்லது விதவைத் தாய். சம்மதம் கொடுத்தவர் பெயர் காகிதத்தில் ஏறியிருக்கும், பல நேரம் அவரே வந்து கையெழுத்திட்டிருப்பார். இங்கிலாந்தில் அரசுப் பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1-இல். கல்யாணப் பதிவில் இருவீட்டுத் தகப்பன்மார் பெயரும் வழக்கமாக வரத் தொடங்கியது அதன் பிறகே. அதற்கு முன் ஒரு தலைமுறை மேலே ஏறுவதற்கு இந்தச் சம்மத வரிக்கு ஈடான ஏணி வேறு அதிகம் இல்லை.

ஜாமீன்காரர்களையும் விடக்கூடாது. இருவரில் ஒருவர் பெரும்பாலும் மாப்பிள்ளை. மற்றவர் அண்ணன், மாமனார், நண்பர், பக்கத்துக் கடைக்காரர். சில அலுவலகங்களில் இரண்டாமவர் பெயராக ஜான் டோ, ரிச்சர்ட் ரோ என்று கற்பனைப் பெயர் எழுதி நிரப்பினார்கள். நம்மூரில் ‘குப்பன், சுப்பன்’ என்று எழுதுவது மாதிரி. அந்த ஜான் டோவை உறவுக்காரராக்கி மரத்தில் தொங்கவிட்டிருப்பதையும் பார்க்கலாம்.

எந்தத் தளம் என்பதைத் தீர்மானிப்பது லைசென்ஸ் கொடுத்தது யார் என்பதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் தேடுவதால்தான் பலர் ‘ஒன்றும் இல்லை’ என்று திரும்பிவிடுகிறார்கள். மாப்பிள்ளை, பெண் இருவரும் ஒரே பிஷப்பின் எல்லைக்குள் என்றால் அந்த பிஷப் அலுவலகம். இருவரும் வெவ்வேறு பிஷப் எல்லையில், ஆனால் கேன்டர்பரி மாகாணத்துக்குள் (திருச்சபையின் இரு பெரும்பிரிவுகளில் ஒன்று, மற்றது யார்க்) என்றால் கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பின் அதிகாரியான விகார் ஜெனரல். ஒருவர் கேன்டர்பரி மாகாணம், மற்றவர் யார்க் மாகாணம் என்றால் அதே ஆர்ச்பிஷப்பின் இன்னொரு அலுவலகமான ஃபேக்கல்டி ஆபீஸ். சட்டம் இப்படி. நடைமுறையில், பக்கத்து பிஷப்பிடம் போனாலே போதும் என்ற நிலையிலும் பெரிய இடத்து முத்திரைக்காக விகார் ஜெனரலிடம் போன லண்டன்வாசிகள் ஏராளம். இவை தவிர, பிஷப்புக்குக் கட்டுப்படாமல் தனி அதிகாரம் வைத்திருந்த சில பங்குகள். அவற்றுக்குத் தனிக் கட்டு. எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் மணக்க அனுமதிக்கும் ஸ்பெஷல் லைசென்ஸ் ஆர்ச்பிஷப்பிடம் மட்டுமே. கவிஞர் பைரன் 1815 ஜனவரி 2-இல் சீஹாம் ஹால் வீட்டு வரவேற்பறையில் மணந்தது அப்படித்தான். அது பிரபுக்கள் சமாசாரம், சாதாரணக் குடும்பத்தில் தேடிப் பயனில்லை.

பிஷப்பின் எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றல்ல. லிச்ஃபீல்ட் எல்லைக்குள் ஸ்டாஃபர்ட்ஷயர், டார்பிஷயர் இரண்டும் முழுதாக, ஷ்ராப்ஷயரின் வடபகுதி, 1836 வரை கவென்ட்ரியைச் சுற்றிய வாரிக்ஷயர் பகுதியும் கூட. சால்ஸ்பரி பிஷப்பிடம் 1836 வரை பெர்க்ஷயர் இருந்தது. செஸ்டர் பிஷப்பிடம் லங்காஷயர். டார்பிக்காரரை டார்பிஷயர் என்று தட்டித் தேடினால் வராதவர், ஸ்டாஃபர்ட்ஷயர் தொகுப்பில் சமர்த்தாக உட்கார்ந்திருப்பார்.

இனி தளங்கள். ஃபேமிலிசர்ச்சை நடத்துவது மார்மன் திருச்சபை. கணக்குத் தொடங்க மின்னஞ்சல் போதும், அட்டை எண் எதுவும் கேட்பதில்லை. 1938 முதல் அவர்கள் உலகமெங்கும் பழைய ஆவணங்களைப் படமெடுத்து வைத்த மைக்ரோஃபிலிம் சுருள்கள்தான் இதன் சொத்து. 2017 செப்டம்பரில் சுருளை அனுப்பும் சேவையை நிறுத்தினார்கள், 2021-க்குள் டிஜிட்டல் ஆக்கும் வேலையை முடித்தார்கள். தளத்தின் முகப்பில் பெயர் தட்டும் பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் தட்டி, வந்ததைப் பார்த்துவிட்டு மூடுபவர்கள் இந்தத் தளத்தின் பாதியைக்கூடப் பார்க்கவில்லை. பெயர்ப்பட்டியல் போடப்படாத சுருள்கள் கேட்டலாக்கில்தான் கிடக்கின்றன.

தேடல் மெனுவில் கேட்டலாக், இடம் என்ற கட்டத்தில் இங்கிலாந்து, பிறகு மாவட்டப் பெயர். வரும் தலைப்புகளில் ‘சர்ச் ரெக்கார்ட்ஸ்’ என்பதைத் திறந்து லைசென்ஸ், பாண்டு, அலிகேஷன் என்ற சொற்கள் வரும் தலைப்புகளைப் பார்க்க வேண்டும். மாவட்டத்தின் கீழ் இல்லையென்றால் பிஷப் இருந்த நகரத்தின் கீழ் தேட வேண்டும், லிச்ஃபீல்ட், செஸ்டர், யார்க் என்று. ஒவ்வொரு சுருளுக்கும் எதிரே ஒரு சின்னம். வெறும் கேமரா என்றால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கேமராவின் மேல் சாவி என்றால் கட்டுப்பாடு; திருச்சபையின் குடும்ப வரலாற்று மையத்திலோ இணைப்பு நூலகத்திலோ போய்ப் பார்க்க வேண்டியிருக்கலாம். அருகில் மையம் எங்கே என்று தளத்திலேயே வரைபடம் உண்டு. சாவியைப் பார்த்ததும் மனம் தளர வேண்டாம். அதே தொகுப்பு மற்ற இரண்டு தளங்களில் ஒன்றில் இருக்க வாய்ப்பு உண்டு, கட்டுப்பாடே சில சமயம் அந்த ஒப்பந்தத்தால்தான்.

சுருளைத் திறந்தால் எண்ணூறு, தொள்ளாயிரம் படம். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவது பைத்தியக்கார வேலை. நடுப் படத்துக்கு நேராகத் தாவித் தேதியைப் பார்க்க வேண்டும். வேண்டிய தேதி அதற்குப் பின் என்றால் மீதியின் நடுவுக்கு. ஏழெட்டுத் தாவலில் வேண்டிய மாதத்துக்கு வந்துவிடலாம். சில கட்டுகள் வருடத்துக்குள் மாப்பிள்ளையின் குடும்பப் பெயர் எழுத்து வரிசையில் இருக்கும். இரண்டு மூன்று படம் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். ஒரே சுருளில் வெவ்வேறு ஆவணங்கள் அடுத்தடுத்து வருவதால் கேட்டலாக்கில் ‘ஐட்டம் 2, ஐட்டம் 3’ என்று போட்டிருப்பதையும் கவனிக்க வேண்டும். முதல் ஐட்டத்திலேயே தேடி, இல்லை என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் சறுக்கல். கிடைத்த படத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கோப்புப் பெயரிலேயே சுருள் எண்ணையும் பட எண்ணையும் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே படத்தை மறுபடி தேட வேண்டிவரும்.

2024 முதல் இங்கே முழு உரைத் தேடல் என்று ஒன்று வந்திருக்கிறது. கையெழுத்தை இயந்திரமே படித்து, காகிதத்தில் உள்ள எல்லாச் சொல்லையும் தேடும்படி செய்கிறது. மாப்பிள்ளை, பெண் பெயர் மட்டுமல்லாமல் ஜாமீன்காரர் பெயரும் சம்மதித்த தகப்பன் பெயரும் சிக்குவது இதில்தான். பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் சொற்கள் அதே வரிசையில் வரும். கட்டாயம் இருக்க வேண்டிய சொல்லுக்கு முன் கூட்டல் குறி. குறை என்னவென்றால் இங்கிலாந்தின் லைசென்ஸ் கட்டுகள் எல்லாம் இதற்குள் வரவில்லை. பதினேழாம் நூற்றாண்டுக் கையெழுத்தில் இது நன்றாகவே தடுமாறும். இதில் வராததால் ஆவணமே இல்லை என்று ஆகாது.

ஆன்செஸ்ட்ரிக்கு இந்த விஷயத்தில் காசு கொடுக்க ஒரே ஒரு நல்ல காரணம், 1597 முதல் 1921 வரையிலான லண்டன், சர்ரே பாண்டு, அலிகேஷன் தொகுப்பு. மூல ஆவணங்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருப்பவை. சர்ரேயின் பெரும்பகுதி அப்போது வின்செஸ்டர் பிஷப்பின் கீழ் இருந்தது, ஆனால் அந்தக் காகிதங்களும் லண்டனிலேயே தங்கிவிட்டதால் சேர்ந்து வருகின்றன. பட்டியலும் படமும் ஒரே இடத்தில், பெரிதாக்கினாலும் எழுத்து உடையாத படங்கள். தேடும் முறைக்கு ஒரு குறிப்பு: முகப்புத் தேடலில் தட்டாமல் கார்டு கேட்டலாக் என்ற தொகுப்புப் பட்டியலுக்குப் போய் இந்தத் தொகுப்பை மட்டும் திறந்து அதற்குள் தேட வேண்டும். முகப்பில் தட்டினால் கோடிக்கணக்கான மற்ற ஆவணங்களுக்கு நடுவே இது மூழ்கிவிடும். படம் கிடைத்ததும் முன்னும் பின்னும் இரண்டு படம் புரட்டிப் பார்க்க வேண்டும். அலிகேஷன் ஒரு படம், பாண்டு அடுத்தது, மடித்த காகிதத்தின் முதுகில் எழுதிய குறிப்பு இன்னொன்று என்று பிரிந்து கிடக்கும். பட்டியல் அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே கூட்டிப்போகும்.

பெயர்ப் பிழைதான் பெரிய தலைவலி. பழைய ஆங்கிலக் கையெழுத்தில் நீண்ட எஸ் எழுத்து எஃப் மாதிரி தெரியும், அதனால் நடுவில் எஸ் வரும் பெயர்கள் எல்லாம் சிதைந்திருக்கும். ஜான் என்பதன் சுருக்கத்தை ஜோனாதன் என்று விரித்திருப்பார்கள். விதவை மறுமணம் செய்யும்போது செத்த கணவரின் குடும்பப் பெயரில்தான் இருப்பார், பிறந்த வீட்டுப் பெயரில் தேடினால் வரமாட்டார். சந்தேகமான எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி, பல எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடலாம். அதுவும் தோற்றால் குடும்பப் பெயரையே விட்டுவிட்டு இருவரின் முதல் பெயர், வருடம், பங்கு மூன்றை மட்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். சலித்தெடுக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் வேலை நடக்கும்.

பணம் பற்றி இரண்டு சொல். ஆன்செஸ்ட்ரியின் அமெரிக்கத் தளத்தின் அடிப்படைத் திட்டத்தில் இங்கிலாந்து ஆவணங்கள் கிடையாது. திட்டத்தைச் சரிபார்க்காமல் கட்டக்கூடாது. 14 நாள் இலவசச் சோதனை உண்டு, அட்டை எண் கேட்கும், முடிந்ததும் தானாகச் சந்தா ஓடத் தொடங்கும். இரண்டு நாள் முன்பே ரத்து செய்துவிடுவது புத்திசாலித்தனம். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இதுவும் வேண்டாம். பல பொது நூலகங்களில் நூலகப் பதிப்பை இலவசமாகப் பார்க்கலாம். தேட வேண்டிய பெயர்களை எல்லாம் தாளில் எழுதிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போனால் வேலை முடிந்தது.

ஃபைண்ட்மைபாஸ்ட் பார்ப்பதற்கு அத்தனை கவர்ச்சி இல்லை. ஆனால் லைசென்ஸ் விஷயத்தில் மூன்றில் அகலமானது இதுதான். லிச்ஃபீல்ட், கவென்ட்ரி தொகுப்பு 1636 முதல் 1893 வரை. சால்ஸ்பரியின் பாண்டு, அலிகேஷன் தொகுப்பு 1615 முதல் 1837 வரை, சாரம் என்ற பழைய பெயரில். இவை தவிர விகார் ஜெனரல் லைசென்ஸ் பட்டியல் 1694 முதல் 1850 வரை, ஃபேக்கல்டி ஆபீஸ் பட்டியல் 1701 முதல் 1850 வரை. இந்த இரண்டு பட்டியலில் ஏமாறுபவர்கள் அதிகம். பெயரும் தேதியும் மட்டும்தான் இருக்கும், மூலக் காகிதத்தின் படம் இருக்காது. அங்கேயே நின்றுவிட்டால் வயதும் இல்லை, பங்கும் இல்லை, தகப்பன் பெயரும் இல்லை. மூலக் காகிதங்கள் லண்டன் லாம்பெத் அரண்மனை நூலகத்தில் தேதி வரிசையில் கட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே பட்டியல் தரும் தேதிதான் கட்டைத் திறக்கும் சாவி. அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு முதலில் ஃபேமிலிசர்ச் கேட்டலாக்கில் லாம்பெத் சுருள் பார்க்கக் கிடைக்கிறதா என்று தேடி, இல்லையென்றால் நூலகத்துக்கு எழுதிப் படி கேட்கலாம். கேட்கும்போது எந்த அலுவலகம், எந்தத் தேதி, இருவர் பெயர் என்ற மூன்றும் இருந்தால் போதும்.

தேதியில் ஒரு கண்ணி. 1752 வரை இங்கிலாந்தில் வருடம் தொடங்கியது மார்ச் 25-இல். ஒரு காகிதத்தில் 1710 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1711. பட்டியல்காரர் திருத்தினாரா, விட்டாரா என்பது தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதி எதுவானாலும் இரண்டு வருடத்திலும் தேடுவதே பாதுகாப்பு. கல்யாணம் பிப்ரவரியில், லைசென்ஸ் அதற்கு ஒரு வருடம் முன்போ பின்போ என்று வந்து நின்றால் காரணம் இதுதான்.

மூன்று தளத்திலும் மற்றவர்கள் தொங்கவிட்ட குடும்ப மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். லைசென்ஸ் தேதியைக் கல்யாணத் தேதி என்று போட்டிருப்பார்கள். லைசென்ஸ் வாங்கியதால் கல்யாணம் நடந்தது என்று ஆகாது. பெரும்பாலும் நடந்தது, ஆனால் சான்று கோயில் பதிவேட்டில்தான். 1823 சட்டத்துக்குப் பிறகு லைசென்ஸ் மூன்று மாதத்துக்கே செல்லும் என்பதால் அந்த மூன்று மாதத்துக்குள் தேடினால் போதும். காகிதத்தில் இரண்டு கோயில் பெயர் இருந்தால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

எழுத்தர் கைக்கு எவ்வளவு நம்பிக்கை கொடுக்கலாம் என்பதற்கு ஷேக்ஸ்பியர் கல்யாணமே போதும். 1582 நவம்பர் 27 தேதியிட்டு வூஸ்டர் பிஷப்பின் பதிவேட்டில் ஒரு லைசென்ஸ் பதிவு: வில்லியம் ஷேக்ஸ்பியருக்கும் டெம்பிள் கிராஃப்டனைச் சேர்ந்த ஆன் வேட்லிக்கும். மறுநாள் 28-ஆம் தேதி 40 பவுண்டுக்கு எழுதிய பாண்டில் பெண் ஸ்ட்ராட்ஃபர்டைச் சேர்ந்த ஆன் ஹாத்வே. ஒரே நாள் இடைவெளியில் பெண்ணின் குடும்பப் பெயரும் ஊரும் மாறிவிட்டன. இதை வைத்து இரண்டு காதலிகள் என்று கதை கட்டியவர்கள் உண்டு. அதே நாளில் அந்த அலுவலகத்தில் வேட்லி என்ற பாதிரியாரின் வழக்கும் நடந்தது. எழுத்தர் கை தவறி அந்தப் பெயரை இங்கே எழுதிவிட்டார் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பாண்டில் ஜாமீன் போட்ட ஃபுல்க் சாண்டெல்ஸ், ஜான் ரிச்சர்ட்சன் இருவரும் ஸ்ட்ராட்ஃபர்டை ஒட்டிய ஷாட்டரி ஊர் விவசாயிகள். பெண்ணின் தகப்பனார் ரிச்சர்ட் ஹாத்வேயின் உயிலில் ஒருவர் மேற்பார்வையாளர், மற்றவர் சாட்சி. பெண் யார் வீட்டுப் பெண் என்ற சந்தேகத்தைத் தீர்ப்பது இந்த ஜாமீன்காரர்கள்தான். பதினெட்டு வயது மாப்பிள்ளை, முதல் குழந்தைக்கு 1583 மே 26-இல் ஞானஸ்நானம். ஓலையை ஒருமுறை வாசித்தால் போதும் என்று அனுமதி வாங்கியது ஏன் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. கல்யாணம் நடந்த கோயிலின் பதிவு இன்றுவரை கிடைக்கவில்லை.

மற்ற நாடுகளைச் சுருக்கமாக. வேல்ஸ் என்றால் அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத் தளம், 1616 முதல் 1837 வரையிலான பாண்டு, அலிகேஷன் பட்டியல் இலவசம். அயர்லாந்தின் பாண்டுகள் 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகத் தீயில் போயின. பெயர்ப்பட்டியல்கள் தப்பின, அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். மூலம் எரிந்துபோனதால் அங்கே பட்டியலே கடைசி ஆதாரம். ஸ்காட்லாந்தில் இந்த பிஷப் லைசென்ஸ் முறையைத் தேடவே வேண்டாம், அங்கே கோயிலில் அறிவிப்பதே வழி. 1754-க்கு முன் லண்டனில் ஃப்ளீட் சிறைச் சுற்றுவட்டாரத்தில் நடந்த திருட்டுக் கல்யாணங்கள் இந்தக் கட்டுகளில் வராது. அந்தப் பதிவேடுகள் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 7 என்ற வரிசையில் உள்ளன.

சென்னையில் மணந்த ஆங்கிலேயரை, ஆங்கிலோ இந்தியரைத் தேடுபவர்களுக்கு ஃபைண்ட்மைபாஸ்டில் இன்னொரு காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் திருச்சபைப் பதிவுகள் படத்தோடு அங்கே கிடைக்கின்றன. சென்னை மாகாணம் என்2 வரிசை, வங்காளம் என்1, பம்பாய் என்3. சென்னையின் வரிசை 1698-இல் தொடங்குகிறது. கோட்டைக்குள் உள்ள செயின்ட் மேரி கோயிலின் முதல் கல்யாணம் 1680 நவம்பர் 4-இல், பின்னாளில் சென்னை ஆளுநரான எலிஹு யேலுடையது. அது இந்த வரிசைக்கு முந்தியது என்பதால் அதைத் தேடி இங்கே வரவேண்டாம். 1753 பிப்ரவரியில் ராபர்ட் கிளைவ் மணந்ததும் அதே கோயிலில்தான்.

ஆனால் இங்கே இருப்பது லண்டனுக்கு அனுப்பிய கல்யாணப் பதிவின் நகல். ‘லைசென்ஸ் மூலம்’, ‘ஓலை வாசித்து’ என்று ஒரு சொல் ஓரத்தில் இருக்கும், அவ்வளவே. ஆணையிட்ட வாக்குமூலமோ ஜாமீன் பத்திரமோ அந்த வரிசையில் இல்லை. நகலெடுத்தவர் பெயரைத் தப்பாக எழுதியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் மூலப் பதிவேடு கோயிலில் இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தளத்தில் பெயர்ப்பட்டியல் இலவசம். அங்கே வருடத்தையும் கோயிலையும் உறுதி செய்துகொண்டு, ஃபைண்ட்மைபாஸ்டில் சோதனைச் சந்தா கிடைத்தால் அதில், இல்லையென்றால் ஒரு மாதச் சந்தாவில், எல்லாப் படத்தையும் ஒரே மூச்சில் இறக்கிவிட்டு ரத்து செய்துவிடலாம்.